உழவாரம் பட்ட புல்

செவன் கிங்ஸில் வீடு, அப்மின்ஸ்டருக்கு அப்பால் மாடு. யோகமலரின் வாழ்க்கை இந்த இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் கோப்பை கழுவி, லண்டன் வந்து கடையில் நின்று, ஓய்வெடுக்கிற வயதில் மூன்று பசு வாங்கினார் என்றால் யார் நம்புவார்கள்? சொந்தக்காரர் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமில்லை. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காணி டயனாவுடையது. குத்தகைக்குக் கொடுத்த முதல் மாரியிலேயே மாடுகள் மிதித்து, இருந்த புல்லெல்லாம் சேறாகிவிட்டது. டயனா நல்ல மனுஷிதான், ஆனால் பேச்சில் கறார். ஒரு வருடம் தவணை தந்து, அதற்கடுத்த கோடை தொடங்கும்போது தரையில் புல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் காணி குதிரைக்காரருக்கு என்று சொல்லிவிட்டார். காணி போனால் மாடும் போகும்.

நாலு பேரைக் கேட்டுப் புரோம் புல் விதைத்தார். ஒருமுறை பிடித்துவிட்டால் வருடக்கணக்காக நிற்கும், வெயிலுக்கும் லேசில் வாடாது. ஆனால் பிடிக்கிற மட்டும் அது படுத்துகிற பாடு! முதல் வருடம் அங்கொன்று இங்கொன்றாக, ஏதோ களை முளைத்ததுபோலக் கிடந்தது. புரோம் என்றால் இலையின் நடுவில் டபிள்யூ எழுத்தை அழுத்திவைத்தமாதிரி ஒரு சுருக்கம் இருக்கும். அதைக் குனிந்து பார்த்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டார். மாடுகளைப் பட்டியில் வைத்தே காய்ந்த புல் போட்டார். ஒரு வாய் மேய விடவில்லை.

கணவர் புவனேந்திரன் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கச் செயலாளர். சிரமதானம், ஆட்கள் கூடிச் சம்பளமில்லாமல் செய்கிற வேலை என்றால் மனுஷனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். சித்திரையில் யோகமலர் டூட்டிங்கில் மகள் கௌசி வீட்டில் நின்ற சனிக்கிழமை, காணியில் கிடக்கிற களையை எடுத்துப் பெண்சாதிக்கு ஓர் உதவி செய்வோம் என்று அவருக்குப் புத்தி போனது. சங்கத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா தலைமையில் வான் நிறைய ஆள். கையில் ஊரிலிருந்து வந்த உழவாரங்கள். திருவிழாவுக்கு முதல் கோயில் வீதியில் தரையோடு தரையாகப் புல்லுச் செருக்கிப் பழகிய கைகள், சும்மா இருக்குமா? பின்னேரத்துக்குள் பாதிக் காணி வெறும் மண்ணாகப் பளிச்சென்றிருந்தது. படமும் எடுத்து யோகமலருக்கு அனுப்பினார்கள்.

படத்தைப் பார்த்தவர் குடித்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுப் புறப்பட்டார். காணிக்குள் வந்து முழங்காலில் இருந்தார்.

"இது களையில்லையப்பா. ஒரு வருசமாப் பிள்ளை மாதிரிப் பாத்த புல்லு."

புவனேந்திரன் கையிலிருந்த உழவாரத்தை வேலியில் சாத்திவைத்தார்.

யோகமலர் விரலால் மண்ணைக் கிளறினார். அடியில் வெள்ளையாக ஒரு தண்டு படுக்கையாக ஓடியது, நுனியில் கூரான முளை. உழவாரம் மேலே செருக்கியதே தவிர ஆழத்துக்குப் போகவில்லை. அவர் மண்ணை மூடி, இலையில் டபிள்யூ தெரிகிற மட்டும் இந்தப் பக்கம் ஒருவரும் கால் வைக்கக்கூடாது என்றார். அவ்வளவுதான். கணவரோடு தேவைக்கு மேல் கதைக்கவுமில்லை.

அதற்குப் பிறகு புவனேந்திரன் காலையில் தானே பஸ் பிடித்துப் போய் வேலிக்கு வெளியே நின்றார். சங்கக் கூட்டத்துக்குக்கூடப் போகவில்லை. ஒருநாள் அங்கிருந்து போன் எடுத்தார்.

"இஞ்சாரும், டபிள்யூ தெரியுது."

யோகமலர் அடுப்படியில் நின்று அழுதார்.

டயனா வந்த அன்று ஒரு பாதி முழங்காலளவு, மறுபாதி விரலளவு. புவனேந்திரன் இது இயற்கை என்று ஏதோ இழுக்கத் தொடங்க, யோகமலர் அவரை நிறுத்தி நடந்ததை நடந்தபடி சொன்னார். ஒரு தண்டைக் கிண்டியும் காட்டினார். டயனா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாடுகள் இருக்கட்டும், ஆனால் அந்தப் பாதியில் அடுத்த வருடம் மட்டும் மேய விட வேண்டாம் என்றார். பிறகு, தன் பின்காணி முழுக்க முள்ளுச்செடி, உங்கள் ஆட்கள் அதையும் வந்து செருக்கித் தருவார்களா என்று கேட்டார்.

புவனேந்திரன் சங்கத்தாரைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்துவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ," என்றார் யோகமலர். "ஆனா அண்டைக்கு நானும் நிப்பன்."