கூழைக்கடா எண்ணிக்கை

ஏரிகளையும் பறவைகளையும் பாதுகாக்க அரசாங்கத்தில் ஒரு அலுவலகம் உண்டு. எங்கள் பக்கத்துக்கு அது தண்டலம் அருகே ஒரு வாடகை மாடியில் இருக்கிறது. நான் அதில் தற்காலிக வாட்சர். ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் போகிற வழியில் ஓர் ஏரி. அதன் கரைதான் என் வேலை. கரைக்குக் கீழே மாதா கோயில் தெரு. அங்கே என் வீடு. பின்னால் கிணறு.

கிணறு நாற ஆரம்பித்தது. காரணம் எனக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். கம்பெனிக் கழிவை ஏற்றிக்கொண்டு டேங்கர் லாரி வரும். காலை ஷிப்ட் மாறுகிற நேரம் பார்த்து வரும். அப்போது ரோடு முழுக்கக் கம்பெனி பஸ். அதற்கு நடுவில் லாரியை யார் பார்க்கப்போகிறார்கள். மண் பாதையில் இறங்கி, ரிவர்ஸில் கரைக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டுப் போய்விடும்.

முன்பு ஆபீசுக்குப் போன் செய்வோம். சில நாள் ஜீப் வரும். சில நாள் வராது. பிறகு ஆப் வந்தது. ஆபீசர் எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு போன் கொடுத்தார்.

"இனிமே எனக்கு யாரும் போன் பண்ணாதீங்க. எல்லாம் ஆப்புல வரணும். ஆப்புல வரலன்னா அது நடக்கல. புரிஞ்சுதா?"

போனைத் திறந்து பார்த்தேன். பறவை, மிருகம், மரம், தீ. நான்கு பொத்தான். லாரி இல்லை.

"லாரி எங்க சார்?"

"அதெல்லாம் மீட்டிங்ல பேசு."

மீட்டிங் என்றால், ஆப் செய்கிறவர்களும் ஆபீசும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்காருவார்கள். மேலிடம் பணத்தை மொத்தமாகத் தராது. கட்டம் கட்டமாக விடும். ஒவ்வொரு கட்டத்திலும் களத்தில் வேலை செய்கிற ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அது விதி. எங்கள் கரையில் இரண்டு வாட்சர். இன்னொருவன் தென்காசிக்காரன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் லைன் வேலை பார்த்துவிட்டு, வேலை போய் இங்கே வந்தவன். வாய் அதிகம். நான் பேசமாட்டேன் என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

சுவரில் மஞ்சள் சீட்டுகள் ஒட்டியிருந்தன. ஆப்பில் என்னென்ன வேண்டுமோ அதெல்லாம் ஒவ்வொரு சீட்டில். இடது பக்கம் 'இப்போது'. நடுவில் 'அடுத்து'. வலது பக்கம் 'பிறகு'. சாப்ட்வேர்காரர் என்னிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார். சின்ன வயது. நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"உங்களுக்கு என்ன வேணுமோ எழுதுங்கக்கா."

லாரி என்று எழுதினேன். நானே இடது பக்கம் ஒட்டினேன்.

ஆபீசர் எழுந்து வந்து அதைப் பிய்த்து நடுவில் ஒட்டினார். அடுத்த மீட்டிங்கில் அது வலது பக்கம் இருந்தது. அதற்கடுத்த மீட்டிங்கில் பேன் காற்றில் கீழே விழுந்து கிடந்தது. எடுத்து ஒட்டினேன்.

"இன்னா சார், ஒவ்வொரு வாட்டியும் தள்ளிக்கினே போவுது?"

"மூணாவது கட்டம்மா அது. அதுக்கு இன்னும் நிதி வரல."

"ரெண்டாவதுக்கு வரப்போவுதே?"

"அது சுற்றுலாத் தலைப்புல வர்ற பணம். பறவை பாக்க வர்றவங்களுக்குத்தான் செலவு பண்ண முடியும். மார்ச்சுக்குள்ள பண்ணலன்னா திரும்பிப் போயிடும். உனக்குச் சொன்னா புரியாது."

புரிந்தது. பறவை பார்க்க வருகிறவர்களுக்குப் பணம் உண்டு. பறவை குடிக்கிற தண்ணீருக்கு இல்லை.

அதற்குள் லாரி வந்துகொண்டுதான் இருந்தது. ஆப்பில் வராவிட்டால் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டார். அதனால் ஒரு நாள் தீ என்கிற பொத்தானை அமுக்கினேன். அது நேராகத் தலைமை அலுவலகத்துக்கே போய்விட்டது. அங்கிருந்து போன். ஜீப் பறந்து வந்தது. லாரி அதற்குள் போயிருந்தது. கரையில் கறுப்புத் தண்ணீர் மட்டும் நின்றது.

ஆபீசர் அதைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அறிவு இருக்கா உனக்கு? எங்க எரியுது? காட்டு. எங்க எரியுது?"

"வவுறுதான் எரியுது சார்."

"வாயப் பாரு. இன்னொரு தடவை தீயில கைய வெச்ச, வேலை இருக்காது."

அடுத்த மீட்டிங்கில் சாப்ட்வேர்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தீயில வேணாங்கக்கா. இப்போதைக்குப் பறவையில ஏதாவது ஒண்ணுல போட்டு, குறிப்புல லாரின்னு எழுதிடுங்க. அப்புறம் நான் பிரிச்சு எடுத்துக்கறேன்."

"போட்டோ?"

"போட்டோ போன்லயே நிக்கும். மேல ஏத்தறதுக்கு சர்வர்ல இடம் வாங்கல. அதுக்கும் நிதி இல்ல."

கரைக்கு வந்து தென்காசிக்காரனிடம் சொன்னேன். அவன் பறவைப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு.

"கூழைக்கடான்னு போடுங்கக்கா. அதுதான் பொருத்தம். வாய் நிறைய வச்சிக்கிட்டு வந்து கக்கிட்டுப் போகுதுல்லா."

அப்படித்தான் போட்டோம். லாரி வந்தால் கூழைக்கடா ஒன்று. இரண்டு லாரி வந்தால் இரண்டு. குறிப்பில் லாரி என்று ஒவ்வொரு முறையும் எழுதினேன். எனக்கு எழுத நேரமாகும். ஆனாலும் எழுதினேன்.

யாரும் பிரித்து எடுக்கவில்லை.

நிஜக் கூழைக்கடா அந்த ஏரிக்குப் பருவத்தில் கொஞ்சம் வரும். அந்த வருஷம் அதுவும் வரவில்லை. கிணற்றுத் தண்ணீரில் மேலே எண்ணெய் மாதிரி படர்ந்தது. தெருவில் கேன் தண்ணீர் வாங்கினார்கள். வாங்க முடியாதவர்கள் அதையே கொதிக்கவைத்துக் குடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி என் வாசலில் நின்று கேட்டாள்.

"நீ ஏரி ஆபீசுலதானே கீற? போனை நோண்டிக்கினே கீறியே, அதுல இன்னாதான் பண்ற?"

என்ன சொல்வது. கூழைக்கடா எண்ணுகிறேன் என்றா.

அடுத்த மீட்டிங்கில் சுவர் முழுக்க ஒரு படம் விழுந்தது. ஏரியின் வரைபடம். கரையின் ஒரு மூலையில் சிவப்புப் புள்ளிகள் மொய்த்திருந்தன. ஆபீசருக்கு முகமெல்லாம் பல்.

"பாருங்க. ஆப் வந்த பிறகு கூழைக்கடா எப்படி ஏறியிருக்கு பாருங்க. இதை அப்படியே ரிப்போர்ட்டுல போட்டு மேல அனுப்பியாச்சு. ரெண்டாவது கட்டம் கையெழுத்தாயிடுச்சு. பார்வையாளர் பக்கம், பெரிய ஸ்கிரீன், எல்லாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். சாப்ட்வேர்காரர் தட்டவில்லை. லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"சார், அது பறவ இல்ல," என்றேன்.

"என்னது?"

"லாரி. டேங்கர் லாரி. எல்லாப் புள்ளியும் லாரிதான். குறிப்புல எழுதிக்கீறேன். தம்பிதான் அப்டிப் போடச் சொன்னாரு. கேளுங்க."

ஆபீசர் அவரைப் பார்த்தார். அவர் மெதுவாகத் தலையாட்டினார். ஆபீசர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இந்த ரூமை விட்டு இது வெளிய போகக் கூடாது. ரிப்போர்ட் போயாச்சு. நாளைக்குத் தலைமை அலுவலகத்துலேர்ந்து பெரிய அதிகாரி அம்மா நேர்ல வர்றாங்க. கூழைக்கடா பாக்க. நீ நாளைக்கு அந்தப் பக்கமே வராத. லீவு எடுத்துக்க."

"லீவு கெடையாது சார் எனக்கு. தற்காலிகம்."

"அப்ப வூட்ல படு."

"வூடு கரைக்குக் கீழதான் சார் கீது. அங்கேர்ந்தே தெரியும்."

மறுநாள் நான் வந்தேன். என் வேலைக்கு நான் வந்தேன். தென்காசிக்காரனும் நின்றான். மூன்று ஜீப் வந்தது. அந்தம்மா இறங்கினார். பின்னால் ஜீப்பில் சாப்ட்வேர்காரர். கையில் டேப்லெட். ஆபீசர் அவரை எதிர்க்கரைக்கு அழைத்துப் போகப் பார்த்தார். அங்கே நாலு கொக்கு நின்றது.

"இங்கேர்ந்து வ்யூ நல்லாருக்கும் மேடம். காபி ஏற்பாடு பண்ணியிருக்கு."

அந்தம்மா டேப்லெட்டைப் பார்த்தார்.

"புள்ளி எல்லாம் அந்தப் பக்கம்ல இருக்கு?"

"அங்க பாதை சரியில்ல மேடம். சேறு."

"ஆப்ல பதிவு பண்றது யாரு?"

தென்காசிக்காரன் என்னைக் கை காட்டினான்.

"இந்த அக்காதான் மேடம். நல்லா எண்ணுவாவ."

அந்தம்மா என் கூட நடந்தார். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். ஒரு ஜீப் மண் பாதையில் இறங்கி வழியில் நின்றது. பாதி தூரத்திலேயே அந்தம்மா சேலைத் தலைப்பை மூக்கில் வைத்தார். கறுப்புத் தண்ணீர் வந்தது. செத்த மீன் வந்தது. செருப்பு ஒட்டியது. ஆபீசரின் பூட்ஸ் கணுக்கால் வரை உள்ளே போனது.

"எங்க?" என்றார் அந்தம்மா.

"இருங்க மேடம். ஷிப்ட் மாறட்டும்."

ரோட்டில் கம்பெனி பஸ்கள் வர ஆரம்பித்தன. ஒன்றன்பின் ஒன்றாக. நடுவில் அது திரும்பியது. ரிவர்ஸ் சத்தத்தோடு பாதையில் இறங்கியது. க்ளீனர் தொங்கிக்கொண்டே வந்தான்.

"யோவ், ஜீப்ப எடுய்யா! வழில வுட்டுக்கினு இன்னா பிக்னிக்கா?"

ஜீப் டிரைவர் பயந்துபோய் ஒதுக்கிக் கொடுத்தார். அரசாங்க ஜீப். க்ளீனர் என்னைப் பார்த்துவிட்டான். தினமும் பார்க்கிறவன்தான்.

"இன்னா யக்கா, இன்னிக்கி கூட்டமா வந்துக்கீற? போட்டோவா? எடு எடு. இந்தப் பக்கம் எடு, மூஞ்சி நல்லாருக்கும்."

குழாயைத் திறந்தான். கொட்டியது. நான் போனை எடுத்துப் பறவை என்பதை அமுக்கினேன். கூழைக்கடா. ஒன்று. அந்தம்மாவின் டேப்லெட்டில் ஒரு புள்ளி புதிதாக விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். பிறகு என்னை.

"இதான் மேடம் கூழைக்கடா," என்றேன்.

தென்காசிக்காரன் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது.

அந்தம்மா ஆபீசரிடம் கத்தவில்லை. சாப்ட்வேர்காரரைக் கூப்பிட்டார்.

"லாரின்னு ஒரு பட்டன் வைக்க எத்தனை நாளாகும்?"

அவர் ஆபீசரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"அரை நாள் வேலை மேடம்."

அரை நாள். அதை நான் மறக்கவில்லை. எத்தனை மீட்டிங் உட்கார்ந்தேன். அந்தச் சீட்டு எத்தனை முறை விழுந்தது.

"எந்தத் தலைப்புல மேடம் செலவு எழுதறது?" என்றார் ஆபீசர். பூட்ஸை உருவிக்கொண்டே கேட்டார்.

"வைங்க. பதிவு எனக்கு நேரா வரணும். யாரும் அழிக்க முடியாத மாதிரி வைங்க."

நல்லவர் என்று நினைத்தேன். ஜீப்பில் ஏறும்போது அவர் சொன்னதும் காதில் விழுந்தது.

"போன ரிப்போர்ட் போனது போகட்டும். அதை மாத்த வேணாம். அமைச்சர் வரைக்கும் போயிடுச்சு."

கூழைக்கடா அப்படியே இருக்கிறது. ஆபீஸ் வாசலில் பெரிய ஸ்கிரீனில் இன்றைக்கும் ஓடுகிறது.

பொத்தான் வந்தது. ஆபீசர் என்னைக் கரையிலிருந்து எடுத்து மரக்கன்று நர்சரிக்குப் போட்டார். பையில் மண் நிரப்புகிற வேலை. தென்காசிக்காரனை வேலையை விட்டே எடுத்தார். ஆப் இருக்கும்போது கரைக்கு ஆள் எதற்கு என்று எழுதினாராம். பொத்தான் உண்டு, அமுக்க ஆள் இல்லை. கணக்கு அவருக்குச் சரியாகப் போனது. போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

லாரி மறுபடி வந்தது. நான் பை நிரப்பினேன்.

கொஞ்ச நாள் கழித்து ஆபீசர் நர்சரிக்கு வந்தார். முகம் சரியில்லை. பூட்ஸில் கறுப்புச் சேறு.

"யாரு அமுக்கறது?"

"இன்னாது சார்?"

"லாரி. தினம் காலையில பதிவு வருது. அந்தம்மா உடனே எனக்குப் போன் பண்றாங்க, போய் நின்னு பிடின்னு. உன் போன் எங்க?"

ஆபீஸ் போனை அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருந்தேன். சொன்னேன்.

"அப்ப அவனா? அவன்தான் போயிட்டானே? அவன்கிட்ட இருந்த போனையும் வாங்கியாச்சே?"

"அவன் போனு அவன்கிட்ட கீது சார். சொந்தப் போனு."

"அதுல எப்படி ஆப்?"

"நீங்கதான் சார் சொன்னீங்க. எல்லாரும் அவங்கவங்க போன்லயும் போட்டுக்கங்க, ஆளு அதிகமா யூஸ் பண்ற மாதிரி மேல காட்டணும்னு."

அவருக்கு நினைவு வந்தது. முதல் கட்டத்துப் பணம் வாங்க அவர் செய்த ஏற்பாடு அது. அங்கேயே சாப்ட்வேர்காரருக்குப் போன் போட்டார். அவன் பெயரை எடு என்று கத்தினார். அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்டது.

"ஆளை எடுக்கறதுக்கு இன்னும் பட்டன் வைக்கல சார். அது மூணாவது கட்டம்."

தென்காசிக்காரனுக்கு மறுபடி லைன் வேலை கிடைத்திருக்கிறது. காலை ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருகிறான். பஸ் ஏரிக்கரையை ஒட்டித்தான் போகிறது. லாரி திரும்புகிற இடத்தில் பஸ் எப்படியும் நிற்கும், நெரிசல். அமுக்குகிறான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது தெருமுனையில் பார்த்தேன்.

"அக்கா, எங்க பஸ்ல பாதிப் பேரு ஜன்னல் வழியா பாக்கானுவ. ஆபீசரு சேத்துல நிக்காரு, லாரிக்காரன் வைதான்னா காது கூசுது."

இரண்டு லாரி பிடிபட்டு ஸ்டேஷனில் நிற்கிறது. மற்றவை வருவது குறைந்திருக்கிறது. நிற்கவில்லை. கிணறு இன்னும் நாறுகிறது.

நர்சரிக்கு எதிரே ரோடு. காலையில் பை நிரப்பிக்கொண்டிருக்கும்போது ஆபீசரின் ஜீப் ஏரிப் பக்கம் போகும். பஸ்களுக்கு நடுவில் ஹார்ன் அடித்துக்கொண்டு போகும். நான் நிமிர்ந்து பார்ப்பேன். ஆபீசரும் பார்ப்பார்.

நான் மண் அள்ளுவேன்.