யாழ்ப்பாணத்துக்குப் போன வெடிக்குழாய்கள்

என் வீட்டுக்காரருக்குத் தேனியில் வெல்டிங் பட்டறை. கேட், ஜன்னல் கம்பிகளோடு திராட்சைத் தோட்டங்களுக்கு வெடிக்குழாயும் செய்வார். கேஸ் சிலிண்டரில் மாட்டிவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் டமார் என்று சத்தம் வரும். கிளிகள் பறந்துவிடும். குழாயிலிருந்து வேறெதுவும் வராது. பில் போடுவதும் கடிதம் எழுதுவதும் என் வேலை.

யாழ்ப்பாணத்தில் திராட்சை போட்டிருந்த ஒருவர் இணையத்தில் பார்த்துவிட்டு ஆறு குழாய் கேட்டார். எங்கள் முதல் ஏற்றுமதி. தூத்துக்குடியிலிருந்து கப்பல். பில்லில் பொருளின் பெயரை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்றார்கள். வெளிநாட்டில் இதை ‘பேர்ட் கேனன்’ என்பார்களாம், அப்படியே எழுதினேன். கேனன் என்றால் பீரங்கி என்பது எனக்குத் தெரியும். சுங்கத்துறைக்கும் தெரிந்திருந்தது.

பெட்டியை நிறுத்திவிட்டார்கள். இருவரும் பஸ் ஏறிப் போனோம். அதிகாரி மேசையில், டெல்லி அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுப் போகக்கூடாத ஆயுதங்களின் பட்டியல் இருந்தது. டச்சுக்காரனும் வெள்ளைக்காரனும் இருந்த காலத்திலேயே இந்தத் துறைமுகத்தில் வெடிமருந்துக்குத் தனிச் சோதனை உண்டு, இந்தத் தொல்லையைத் தான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்றார். பிறகு கேட்டார்.

“இது எவ்வளவு தூரம் சுடும்?”

“குண்டே கிடையாதுங்கய்யா. சத்தம் மட்டுந்தான் போகும்.”

“சத்தம் எவ்வளவு தூரம் போகும்?”

வீட்டுக்காரர் நேர்மையாக யோசித்தார். எங்கள் பக்கத்துத் தேவாரம் கிராமத்தில் வைத்தால் மலையடிவாரம்வரை கேட்கும், இரண்டு கிலோமீட்டர் இருக்கும் என்றார். அதிகாரி ‘இரண்டு கிலோமீட்டர்’ என்று எழுதிக்கொண்டார்.

இது ஆயுதமில்லை என்று எங்கள் ஊர்ப் போலீசிடம் கடிதம் வாங்கிவரச் சொன்னார். இன்ஸ்பெக்டர் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். பட்டறையிலிருந்த ஒன்றைக் கொண்டுபோய் ஸ்டேஷனுக்குப் பின்னால் வெடித்துக் காட்டினோம். வேப்பமரத்துக் காக்கைகள் போய்விட்டன. கடிதத்தில் அதையும் எழுதினார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பெட்டி கப்பலேறியது. போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் யாழ்ப்பாணத்துக்காரர் போன் செய்தார். குழாய் நன்றாக வேலை செய்கிறது என்றுதான் ஆரம்பித்தார்.

“முதல் வெடிக்கே அம்மா கட்டிலுக்குக் கீழ போய்ப் படுத்திட்டா. பக்கத்து வீட்டுச் சனம் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்திட்டுது.”

எங்களைக் குறை சொல்லவில்லை. பறவையை மட்டுமே யோசித்துவிட்டேன், என் பிழைதான் என்றார். ஆறையும் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டாராம்.

வீட்டுக்காரர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. “அந்த ஆபீசர் சரியாத்தான் கேட்டாக,” என்றார். “நாமதான் குண்டு இல்லன்னு சொல்லிக்கிட்டு இருந்தோம்.”

மறுநாள் வீட்டுக்காரரே யாழ்ப்பாணத்துக்குப் போன் செய்து, பந்தலின் நீள அகலம் கேட்டு, வலை கட்டும் இரும்புச் சட்டங்கள் செய்து வலையோடு அனுப்பினார். சுங்கத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் அந்த அம்மாவே போனில் வந்து, வலைக்குள் அணில் புகுந்துவிடுகிறது என்று புகார் சொன்னார். இன்னும் நெருக்கமான கண்ணியுள்ள வலை அனுப்புவதாக இவர் ஒப்புக்கொண்டார்.