மாரியாயி தைத்த தலையணை உறைகள்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கல்யாணம் பேசி முடித்ததும் பெண்ணைப் பெற்றவள் முதலில் தேடிப் போவது மாரியாயியைத்தான். பதுளைக் கடையில் வாங்கிய வெள்ளைத் துணியைக் கொடுத்து, மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் சொல்லிவிட்டு வருவாள். பகலெல்லாம் கொழுந்து பறித்த விரலால் மாரியாயி இரண்டு தலையணை உறை தைத்துத் தருவாள். ஒன்றில் அவன் பெயர், மற்றதில் அவள் பெயர், சுற்றிலும் ரோசாப்பூ. புதுத் தம்பதி முதன்முதலாகத் தலை வைப்பது அதில்தான். கைராசிக்காரி என்று லயத்துக் குடியிருப்பே அவளைக் கொண்டாடியது.

மூன்று வருடத்துக்கு முன் மலையில் குளவி கொட்டி அவள் புருசன் போய்ச் சேர்ந்தான். கைராசியும் அவனோடு போய்விட்டதாம். யாரும் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லவில்லை. துணி கொண்டு வருவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். குளவி கொட்டியதற்கு ஊசி என்ன பாவம் செய்தது?

இந்த ஆவணியில் அவள் மகள் துஷாந்தினிக்கும் லுணுகலை நிஷாந்துக்கும் கல்யாணம் முடிவானது. மாரியாயி யாரையும் கேட்காமல் இரண்டு உறையையும் தைத்து முடித்தாள். பெற்ற மகள் தன் தையலில் தலை வைக்க வேண்டும். அந்த ஒரு ஆசைதான் அவளுக்கு மிச்சமிருந்தது.

காட்டியபோது மகளின் முகம் வாடிவிட்டது.

"அம்மா, அவங்க வீட்டுல சம்பிரதாயமெல்லாம் ரொம்பப் பாப்பாங்க. நீ தச்சதுன்னு தெரிஞ்சா தொடக்கூட மாட்டாங்க."

"அப்ப வேணாம்டி. உள்ள வச்சிரு."

"இல்லம்மா. நான் தச்சேன்னு சொல்லிர்றேன்."

மாரியாயிக்கு அதுவே போதுமென்றிருந்தது. தைத்தவள் பெயரை எந்த உறையில் எழுதுகிறார்கள்?

கல்யாண நாள் காலையில் கோயில் மண்டபத்தில் சீர்த் தட்டுகளைப் பரப்பியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா லெட்சுமி உறையைக் கையில் எடுத்துத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ஆத்தாடி, என்னா நுணுக்கம்! யாரு தச்சதும்மா?"

"நாந்தான் மாமி. பண்டாரவளைக்குத் தையல் கிளாஸ் போனேன்."

சுற்றி நின்ற தோட்டத்துப் பெண்களில் பாதிப்பேர் மாரியாயி தைத்த உறையில் தினமும் படுத்து எழும்புகிறவர்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. நல்ல நாளில் எதற்கு வம்பு என்று நினைத்திருப்பார்கள். மாரியாயி தட்டுகளுக்குக் கிட்டே போகாமல் வாசலோரம் ஒதுங்கி நின்றாள்.

லெட்சுமி மோசமான மனுஷி இல்லை. சம்பந்தி தனியே நிற்பதைக் கண்டதும் சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள்.

"சம்பந்தி, இனிமே வீட்டுல ஒத்தையிலதான இருக்கப்போறீங்க. மககிட்ட இதக் கத்துக்கங்க. பொழுது போகும்."

துஷாந்தினி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"ஆமாங்க, கத்துக்கிறேன்" என்றாள் மாரியாயி.