என் தொடர்கதையின் புது வாசகி

இன்று காலை, சாத்தான்குளம் போகிற பஸ். பக்கத்து இருக்கையில் என் மாமியார் போனில் எதையோ ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன்.

கதை வாசிக்கும் செயலி ஒன்றில் புனைபெயரில் நான் எழுதும் காதல் தொடர்கதை.

நான் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. கதையில் வரும் கொடுமைக்கார மாமியார் பேசுவதெல்லாம் இவர் அடுக்களையில் பேசியவை. ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை.

"இந்த மாமியாக்காரிய பாரேன். மருமக வச்ச குழம்ப நாயும் மோந்து பாக்காதுங்கா. இப்படியும் ஒருத்தி பேசுவாளா?"

போன மாதம் அந்தக் குழம்பை வைத்தது நான்தான்.

"கதைதான அத்தை," என்றேன்.

"நல்லா எழுதுதா. நேத்து ஒங்க மாமாவுக்கும் வாசிச்சுக் காட்டுனேன்."

"மாமா என்ன சொன்னாவ?"

"என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாவ. பொறவு, எழுதுனது யாருன்னு கேட்டாவ."

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும். மாமாவின் வாயை அடைக்கிற மாதிரி நல்ல குழம்பு வைக்கத் தெரிந்தவர்கள், தயவுசெய்து நான்கு மணிக்குள் சொல்லுங்கள்.