இரண்டு அட்டை, ஒரே மாத்திரை

என் மனைவியின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விழுந்த குழி உடனே மேலே வரவில்லை. இரண்டு வாரமாகச் செருப்பு இறுக்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று காலை மீஞ்சூர் போக ரயிலுக்கு நின்றபோது தலை சுற்றி பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் பிரஷர் மாத்திரையைக் கேட்டேன். நான் கடையில் வாங்கித் தரும் அட்டையை எடுத்துத் தந்தாள். சற்றுத் தயங்கி, அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து இன்னொன்றையும் எடுத்தாள். மாதாமாதம் வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கும் சுகாதாரத் தன்னார்வலர் பெண் இலவசமாகக் கொடுப்பது.

இரண்டிலும் சிறிய எழுத்தில் இருந்த மருந்தின் பெயரைப் படித்தேன். ஒரே மருந்து. ஒரே அளவு.

"ரெண்டையுமா போட்டுக்கினு இருந்த?"

"காலைல உங்குளுது. சாயங்காலம் அந்தப் பொண்ணு குடுத்தது."

"ஏன்?"

"நீங்க ஆசையா வாங்கினு வரீங்க. அது வெயில்ல நடந்து வந்து, மாத்திரை போட்டியாக்கான்னு கேக்குது. இல்லன்னா மூஞ்சி சுருங்கிடுது. யாரை வேணான்னு சொல்றது?"

எனக்குக் கோபப்பட வழியில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு மாத்திரை கம்பெனியில், பேக்கிங்கைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. ஒரே கலவையில் வந்த மாத்திரைகள் ஒரு நாள் அரசு இலவசமாகக் கொடுக்க 'விற்பனைக்கல்ல' என்று அச்சிட்ட அட்டையிலும், மறுநாள் கடைக்குப் போகும் பளபளப்பான அட்டையிலும் போவதைப் பல வருடமாகப் பார்க்கிறேன். ஆனாலும் அவளுக்கென்று வந்தபோது, சும்மா கிடைப்பதை நம்பாமல் கடையில்தான் வாங்கினேன்.

"கம்பெனில அவ்ளோ அட்டை பாக்குற மன்சன், ஊட்ல இருந்த ரெண்டைப் பாக்கல" என்று சிரித்தாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனேன். டாக்டர் பரிசோதித்துவிட்டு, மருந்து அதிகமானதால் வந்த வீக்கம்தான், நாளுக்கு ஒன்று போதும், வடிந்துவிடும் என்றார். கடையில் வாங்குவதை நிறுத்தினேன். அடுத்த முறை அந்தப் பெண் வந்தபோது நடந்ததை நானே சொன்னேன். அவள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கோசரமா போட்டுக்கின? என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதாக்கா?"

டாக்டரிடம் போய்வந்த மறுநாளிலிருந்தே, கணுக்காலை அழுத்தி, குழி மேலே வர எத்தனை விநாடி ஆகிறது என்று டைரியில் எழுதத் தொடங்கியிருந்தேன். எட்டு. ஆறு. பிறகு மூன்று. ஒன்பதாம் நாள் குழியே விழவில்லை. பத்தாம் நாளும் அவள் எதிரில் உட்கார்ந்து பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அதான் சரியா பூடுச்சே. வுடுங்க" என்றாள்.

பாதத்தை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.