சூரியப் புயலும் ஒரு சிறு செய்மதியும்

கொழும்பில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து செய்த ஒரு செய்மதி பூமிக்கு மிகக் கிட்டவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சப்பாத்துப் பெட்டி அளவுதான். சூரியன் சீறும்போது அதற்கு என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது என் தங்கச்சியின் வேலை. மன்னாரில் எங்கள் வீட்டிலிருந்தே அதைச் செய்தாள்.

அந்த ஆவணியில் சூரியனில் ஒரு பெரிய வெடிப்பு. அதன் புயல் பூமியை எட்டினால் மேலேயுள்ள மெல்லிய காற்று சூடேறி உப்பும். தாழப் பறப்பவற்றைப் பிடித்து இழுக்கும். செய்மதியின் ஒடுங்கிய பக்கம் காற்றை வெட்டிப் போகும்படி திருப்பி வைக்கச் சொன்னாள். அப்படி வைத்தால் அதன்மேல் வெயில் குறைவாக விழும். பற்றரி செத்தாலும் சாகலாம்.

"புயல் வராட்டி என்னைத்தான் தின்னுவாங்கள்" என்றாள்.

குழு அவள் சொன்னபடி செய்தது. செய்மதி எப்போது எந்தப் பக்கத்தால் போகும் என்பதையும் கணித்து அனுப்பிவிட்டு, எங்களோடு மடு மாதா கோயில் திருவிழாவுக்கு வந்தாள்.

நாங்கள் மடுவில் நின்றபோது புயல் வந்தது. அவள் சொன்னதைவிடப் பலமாக.

திரும்பி வந்த மறுநாள் காலை, செய்மதி அனுப்பும் சத்தத்தைப் பிடிக்க, அன்டனாவைக் கையில் பிடித்தபடி மேல்மாடியில் நின்றாள். நான் மடிக்கணினியைப் பார்த்துத் திசை சொன்னேன். மதிலுக்கு அப்பாலிருந்து மீன் வியாபாரி நானா எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, ராமேஸ்வரத்து டிவி சனலோ?"

"இல்லை நானா, எங்கட சனல்தான். அதுதான் ஒண்டும் வருகுதில்லை."

வெறும் இரைச்சல். தொலைபேசியில் கேட்டபோது கொழும்பிலும் அப்படித்தான் என்றார்கள்.

"பற்றரி போயிட்டுது அக்கா. நான்தான் அதைச் சாகடிச்சனான்."

அன்டனாவைத் தண்ணீர்த் தாங்கியில் சாய்த்துவிட்டுப் படியை நோக்கி நடந்தாள்.

"அடுத்த சுற்று எத்தினை மணிக்கு எண்டு கொழும்பில கேக்கினம்" என்றேன்.

மடிக்கணினியைப் பார்க்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"ஐயோ, இது மடுவுக்குப் போக முன்னம் போட்ட கணக்கெல்லோ."

இழுபட்ட செய்மதி தாழ இறங்கும். தாழ இறங்கியது முன்பைவிட விரைவாகச் சுற்றும். இது கணித்த நேரத்துக்கு முந்தியே வந்து போயிருந்தது. அது விட்டுப் போன வானத்துக்குத்தான் நாங்கள் அன்டனாவைக் காட்டிக்கொண்டிருந்தோம். கொழும்பிலும் அதே பழைய நேரங்கள். புயலைச் சரியாகச் சொன்னவள், திருவிழாவில் நின்றதில் அந்தப் புயலைத் தன் கணக்கில் சேர்க்கவில்லை.

புதிதாகக் கணித்தாள். அடுத்த சுற்றுக்கு முந்தியே போய் நின்றோம். முதலில் இரைச்சல். பிறகு அதனுள்ளே மெல்லிய, விட்டுவிட்டு ஒலிக்கும் சத்தம்.

"இருக்குது" என்றாள். அவ்வளவுதான். தொலைபேசியில் கொழும்புக்காரர்கள் கத்தியது தள்ளி நின்ற எனக்கும் கேட்டது.

பற்றரி இறங்கியிருந்தது, சாகவில்லை. செய்மதி உயரத்தை இழந்திருந்தது; நினைத்ததைவிடச் சில மாதங்கள் முந்தியே எரிந்துவிடும். அதை அவளே பிறகு கணித்துச் சொன்னாள். அன்று யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. புயல் அடங்கிவிட்டது, இனி வெயிலுக்குத் திருப்பலாம் என்று கொழும்புக்குச் சொல்லிவிட்டு, சுடுகிற சீமெந்துத் தரையிலேயே காலை நீட்டி இருந்தாள்.

"அக்கா, பசிக்குது."