முதுகுவலிக்கு ஒரு சீனக் கிழங்கு

வலி என்று ஒரு மாத்திரை விழுங்கியதில்லை நான். உடம்பு இரும்பு!

பொய். இதை எழுதும்போதே சட்டைப் பையில் பாரசிட்டமால் அட்டை கிடக்கிறது. பாதி காலி.

கிரெய்கிபர்ன் பக்கம் ஒரு வேர்ஹவுஸில் பெட்டி தூக்குகிறேன். பத்தாம் வகுப்பே என்னைத் தாங்காமல் வெளியே தள்ளியது. மெல்பர்ன் வந்ததும் நர்ஸ் மனைவி கோமதியின் விசாவைப் பிடித்துக்கொண்டுதான். மூளை இல்லாதவனுக்கு முதுகுதான் மூலதனம். போன மாதம் அதுவும் பிடித்துக்கொண்டது.

வேலையில் சொல்லலாமே? சொல்லலாம். நிரந்தரமில்லாத கேஷுவல் ஆளுக்கு வலி என்றால் யாரும் திட்டமாட்டார்கள் — அடுத்த வாரம் ஷிஃப்ட் மெசேஜ் வராது. அவ்வளவுதான்.

அதனால் ரகசிய வைத்தியம். சீன மருந்துக்கடை அம்மா, வினிகரில் வறுத்த மஞ்சள் கிழங்கு ஒன்றைப் பொட்டலம் கட்டினார். "வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று இங்கிலீஷில் கேட்டார். கம்பீரமாக "நோ" என்றேன்.

கொதிக்கவைத்தால்... அப்படியொரு கசப்பு! வேப்பெண்ணெய் அதற்குப் பாயசம். ஆனால் வலி அடங்கியது. சும்மா இருந்தேனா? காலையில் கிழங்கு, மதியம் மாத்திரை, நடுவில் மற்றவன் பெட்டியையும் சேர்த்துத் தூக்கினேன்.

பிறகு பசி போனது. கோமதி டாக்டரிடம் இழுத்துப் போனாள். ரத்தத்தைப் பார்த்த டாக்டர், ஈரல் சரியில்லை என்றார். "வேறு மருந்து ஏதாவது?"

"நோ."

வீட்டில் அடுப்புமேல் இருந்த பாத்திரத்தை கோமதி மோந்து பார்த்தாள்.

"என்னங்க இது?"

"சீனக் கடைக் கிழங்குக் கஷாயம்டி. மருந்தில்ல."

"கிழங்குன்னா மருந்தில்லையா? இதுக்குள்ளயும் வலிய அமுக்குற சரக்குதான் இருக்கு. இதைக் குடிச்சு ஈரல் கெட்டவங்க இருக்காங்க. அதுமேல மாத்திரை வேற! டாக்டர் கேட்டப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?"

நம் ஆட்களுக்குக் கொதிக்கவைத்துக் குடித்தால் அது ரசத்தின் தம்பி. மருந்துக் கணக்கில் வராது.

"வலி போச்சுன்னா முதுகு சரியாயிடுச்சுன்னு அர்த்தமா? இப்படியே தூக்குனா ஒருநாள் எந்திரிக்கவே மாட்டீங்க. குகன்கிட்ட சொல்லுங்க."

குகன் என் சூப்பர்வைசர். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷன். ஆனால் ஷிஃப்ட் போடுவதும் அவர்தான்.

வலியை அமுக்க எந்த நாட்டு மண்ணிலும் ஒரு செடி முளைத்துவிடுகிறது. வலிக்கிறது என்று சொன்னவனுக்கு மறுவாரமும் வேலை தருகிற மண்ணைத்தான் நான் இன்னும் பார்க்கவில்லை.

இருந்தாலும் இன்று சொல்லிவிடுவது என்று லஞ்ச் ரூமில் உட்கார்ந்திருக்கிறேன். ஒத்திகைகூட முடிந்தது. 'குகன், எனக்கு முதுகு...'

"அண்ணை! கொன்டெய்னர் வந்திட்டுது, ரெண்டு பேர் வரேல்ல. கெதியா வாங்கோ." கதவில் குகன். எழுந்து நாலு எட்டு வைக்கிறேன். என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். "என்ன, நடை ஒரு மாதிரிக் கிடக்கு? நாரி நோகுதோ?"

இடுப்பைத்தான் கேட்கிறார். அவரே கேட்டுவிட்டார், பாருங்கள்!

"எனக்கா? உடம்பு இரும்பு, குகன். இதோ வர்றேன்..."